தனிநபர் கடன் வட்டி: கொப்பி எடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. கடனுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிணையாளர்களின் கடிதம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொப்பி எடுப்பார்கள். இயந்திரம் சூடாகும் வரை நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கேள்வி வரும். கடன் எடுத்த பிறகு வந்து கேட்பவர்களே அதிகம் என்பதுதான் வருத்தம். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தது கணக்குப் போட்டுக் காட்டவாவது உதவுகிறது. ஒரே பதிலைப் பல தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வரும் வீதங்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. இன்றைய வீதத்தைக் கிளையில்தான் கேட்க வேண்டும்.

"நூற்றுக்குப் பன்னிரண்டு என்றார்கள். அப்படியானால் ஓர் இலட்சத்துக்கு வருடம் பன்னிரண்டாயிரம் வட்டி, அவ்வளவுதானே?"

வங்கி சொல்லும் வீதம் ஒரு வருடத்துக்கு உரியது. அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாத வீதம் வரும். 12 சதவீதம் என்றால் மாதம் 1 சதவீதம். அது வரைக்கும் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அந்த 1 சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறார்கள்? முதல் நாள் வாங்கிய ஓர் இலட்சத்தின் மேலா, இன்றைக்கு நீங்கள் கட்ட மீதியிருக்கும் தொகையின் மேலா? முன்னதற்கு பிளாட் வட்டி என்று பெயர். பின்னதற்குக் குறையும் மீதி வட்டி என்று பெயர். பன்னிரண்டாயிரம் என்பது பிளாட் கணக்கு. அதே 12 சதவீதத்தைக் குறையும் மீதியில் போட்டு, ஒரு வருடத்தில் கட்டி முடித்தால் மொத்த வட்டி 6,619 ரூபாய்தான்.

"குறையும் மீதி என்கிறார்கள். ஆனால் என் தவணை மாதா மாதம் ஒரே தொகையாகத்தானே இருக்கிறது? எது குறைகிறது?"

தவணை குறையாது. தவணைக்குள் இருக்கும் வட்டியின் பங்குதான் குறையும். மேலே சொன்ன ஓர் இலட்சம், 12 சதவீதம், 12 மாதம் என்ற கடனுக்குத் தவணை 8,885 ரூபாய். முதலாம் மாதம் ஓர் இலட்சத்துக்கு 1 சதவீதமாக 1,000 ரூபாய் வட்டிக்குப் போகும், மிச்சம் 7,885 முதலில், அதாவது வாங்கிய கடன் தொகையில், கழியும். இப்போது நீங்கள் கடன்பட்டிருப்பது 92,115 ரூபாய்க்கு மட்டுமே. இரண்டாம் மாத வட்டி அதற்குத்தான் போடப்படும்: 921 ரூபாய். மூன்றாம் மாதம் 842. கடைசி மாதம் வட்டி வெறும் 88 ரூபாய்.

இப்படி மாதத்துக்கு ஒரு வரியாக எழுதிய தாளுக்கு மீள்செலுத்தல் அட்டவணை என்று பெயர். கடன் எடுக்கும் அன்றே அதைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் கொப்பி எடுக்க வரும் கட்டுகளில் பெரும்பாலும் இல்லாத தாள் அதுதான்.

"மூன்று இலட்சம் எடுத்து ஒரு வருடம் தவறாமல் கட்டினேன். வங்கியில் கேட்டால் இன்னும் இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரம் இருக்கிறது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?"

அந்தத் தம்பியின் கடன் 36 மாதத்துக்கு, வருடம் 15 சதவீதம், தவணை 10,400 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் சுமார் 124,800 ரூபாய் கட்டியிருக்கிறார். அதில் 39,280 வட்டிக்கும் 85,520 முதலுக்கும் போயிருக்கின்றன. கணக்கு சரிதான், யாரும் ஏமாற்றவில்லை. மீதி பெரிதாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் வட்டியும் பெரிதாக இருக்கும். முதலாம் மாதத் தவணையில் 3,750 ரூபாய் வட்டி. கடைசி மாதங்களில் தவணை முழுவதும் கிட்டத்தட்ட முதலுக்கே போகும்.

"வங்கி 18 கேட்கிறது, நிதி நிறுவனம் 12தான் கேட்கிறது. நிதி நிறுவனம்தானே மலிவு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வேன். வங்கியின் 18 குறையும் மீதியில் இருந்து, நிறுவனத்தின் 12 பிளாட்டாக இருந்தால், 12தான் விலை கூடியது. ஓர் இலட்சத்தை ஒரு வருடத்தில் கட்டிப் பாருங்கள். வங்கிக்குத் தவணை 9,168, மொத்த வட்டி 10,016. நிறுவனத்துக்குத் தவணை 9,333, மொத்த வட்டி 12,000. பிளாட் 12ஐக் குறையும் மீதி முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய 21.5 சதவீதம் வரும். ஒன்று முதல் மூன்று வருடக் கடன்களுக்கு பிளாட் வீதத்தை 1.8ஆல் பெருக்கினால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் நிற்கும் இந்தக் கொப்பி இயந்திரத்தை ஒரு நிதி நிறுவனத்தின் பிளாட் கடனில்தான் வாங்கினேன். மூன்று இலட்சம், 12 சதவீதம், மூன்று வருடம். வட்டி 108,000. தவணை 11,333. வர்த்தகம் படித்தவன் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருந்த 12ஐ மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். உண்மையான வீதம் 21.2. இயந்திரம் அப்போது புதிது. இப்போது தாள் சிக்கும்போதெல்லாம் அந்த 108,000 ஞாபகம் வருகிறது.

"நிலையான வட்டி என்று எழுதியிருக்கிறது. அதுதான் பிளாட் வட்டியா?"

இல்லை. நிலையான வட்டி என்றால் கடன் முடியும் வரை வீதம் மாறாது என்று பொருள். அந்த மாறாத வீதத்தைக் குறையும் மீதியின் மேலும் போடலாம், பிளாட்டாகவும் போடலாம். ஆகவே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: வீதம் மாறுமா? எந்தத் தொகையின் மேல் போடுகிறீர்கள்?

"மூன்று இலட்சம் பாஸ் ஆனது. கையில் 291,000தான் வந்தது. மிச்சம் எங்கே போனது?"

ஆவணக் கட்டணம், முத்திரைத் தீர்வை, கடனுக்கான ஆயுள் காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்திருப்பார்கள். கழிப்பது வழமைதான். ஆனால் உங்கள் கைக்கு வராத அந்த 9,000 ரூபாய்க்கும் மூன்று வருடம் வட்டி கட்டப் போகிறீர்கள். 36 மாதம், 15 சதவீதம் என்ற கடனில் தவணை அதே 10,400தான். 291,000 வாங்கி 10,400 கட்டுவதாகக் கணக்குப் போட்டால் வீதம் 17.2 ஆகிறது.

வங்கிக்கு வங்கி வீதம் ஒன்றாக இருந்தாலும் இந்தக் கழிவு வேறுபடும். ஒப்பிடுவதற்குச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. கையில் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டு கிளைகளுக்குப் போங்கள். வீதத்தைப் பற்றி அவர்கள் பேசட்டும், நீங்கள் தாளைப் பாருங்கள்.

"தவணை குறைய வேண்டும் என்று ஐந்து வருடம் போடச் சொன்னேன். நல்லதுதானே?"

மாதச் செலவுக்கு நல்லது, மொத்தத்துக்கு நட்டம். மூன்று இலட்சத்தை 15 சதவீதத்தில் ஐந்து வருடமாக்கினால் தவணை 10,400 இலிருந்து 7,137க்கு இறங்கும். மொத்த வட்டி 74,400 இலிருந்து 128,200க்கு ஏறும். பத்தாயிரம் கட்டவே முடியாது என்றால் ஐந்து வருடம்தான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்ட முடிந்தும் ஆசுவாசமாக இருக்கட்டும் என்று நீட்டினால், அந்த ஆசுவாசத்தின் விலை 53,800 ரூபாய்.

"வாரம் ஆயிரம் ரூபாய்தான், ஐம்பது வாரம். நாற்பதாயிரத்துக்குப் பத்தாயிரம் வட்டி. நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் பெரிய வட்டியா?"

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் அக்கா ஒருவர் கேட்டது. பிரவுண் நிற அட்டை ஒன்றைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்தார். மடித்து மடித்து நடுவே கிழிந்திருந்தது. அதில் ஐம்பது கட்டம், பதினேழில் கையெழுத்து விழுந்திருந்தது. பதினெட்டாவது கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. "அது நாளைக்கு" என்றார்.

25 என்பது பிளாட் கணக்கு. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுவதால் நாற்பதாயிரம் ரூபாய் ஒரு வாரம்தான் முழுதாக உங்கள் கையில் இருக்கிறது. குறையும் மீதி முறையில் பார்த்தால் வாரத்துக்கு 0.91 சதவீதம், வருடத்துக்கு 47.5 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்த்துக் கணக்கிட்டால் 60ஐத் தொடும். தொடக்கத்தில் காப்புறுதி, அங்கத்துவப் பணம் என்று ஏதாவது கழித்திருந்தால் இன்னும் கூடும். வாரத் தவணை சிறிதாகத் தெரிவதால்தான் வீதம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. குழுவாக எடுத்த கடனில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதையும் ஒரு செலவாகவே எண்ணுங்கள், அது எந்த வீதத்திலும் வராது.

"ஊரில் ஒருவர் மாதம் பத்து வட்டிக்குக் கொடுக்கிறார். பத்துதானே, வங்கியை விடக் குறைவு!"

அது மாதத்துக்குப் பத்து. வருடத்துக்கு 120. பத்தாயிரம் வாங்கி மாதம் ஆயிரம் கொடுத்து வந்தால் பத்து மாதத்தில் வாங்கிய தொகையையே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், ஆனால் முதல் பத்தாயிரமும் அப்படியே நிற்கும். வட்டியையும் கொடுக்க முடியாமல் போய், அதை முதலோடு சேர்த்து எழுதினால் ஒரு வருடத்தில் பத்தாயிரம் 31,384 ஆகிவிடும்.

1918 ஆம் ஆண்டின் பணக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இன்னும் நாட்டில் இருக்கிறது. அளவுக்கு மீறிய வட்டியென்று தெரிந்தால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்க முடியும். வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்து வைத்துவிட்டால் அங்கே போய்ப் பேசுவது கடினம். ஏரிஎம் அட்டையை இரகசிய எண்ணோடு ஈடாகக் கொடுப்பதும் அப்படியே.

"அதே வங்கி, அதே தொகை. வாத்தியாருக்கு ஒரு வீதம், எனக்கு ஒரு வீதம். ஏன்?"

கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்தையும் வங்கி வட்டியில் சேர்த்துப் போடுகிறது. வாத்தியாருக்கு அரசாங்கச் சம்பளம், அது அந்த வங்கிக்கே வருகிறது, தவணையை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நாட்கணக்கில் சம்பளம், பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போன நாளைப் பொறுத்து மாதத்துக்கு மாதம் மாறும். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் ஈடு வைக்கவும் முடியாது. ஆகவே இரண்டு பிணையாளர் கேட்பார்கள், அதிலும் நிரந்தர வேலை உள்ளவர் வேண்டும் என்பார்கள்.

இந்த ஊரில் 1888 இல் தொடங்கிய ஹட்டன் வங்கிதான் இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர். வங்கி இங்கே வந்து அவ்வளவு காலமாகிவிட்டது. வங்கிப் படிவத்தில் "தொழில்" என்ற இடத்தில் கொழுந்து பறிப்பவர் என்று எழுதும்போது இன்னும் பலருக்குக் கை தயங்குகிறது.

"கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டதாம். இனிக் கடனே கிடைக்காதா?"

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும், ஒழுங்காகக் கட்டியவர் பெயரும்கூட. அது கறுப்புப் பட்டியல் அல்ல. யாருக்கு எவ்வளவு கடன், தவணை பிந்தியதா என்ற விவரத்தை அது வைத்திருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். அடைத்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால் கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

"மாமாவுக்குப் பிணைக் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன். அது எப்படி என் கடனாகும்?"

அவர் கட்டாவிட்டால் முதல், வட்டி, தண்ட வட்டி எல்லாவற்றையும் உங்களிடம் கேட்கலாம். நீங்கள் பிணை நிற்பது மேலே சொன்ன கிரிப் அறிக்கையிலும் தெரியும், ஆகவே உங்கள் சொந்தக் கடனின் அளவும் குறையலாம். மாமா என்ற உறவுக்காக மறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அட்டவணையின் கொப்பி ஒன்றையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொப்பிக்குக் காசு வேண்டாம்.

"வங்கியே வட்டியைக் கூட்டிவிட்டது. கையெழுத்து வைத்த பிறகு கூட்டலாமா?"

மாறும் வட்டிக்குக் கையெழுத்து வைத்திருந்தால் கூட்டலாம். ஒப்பந்தத்தில் "முதன்மைக் கடன்வழங்கல் வீதத்துடன் 4" என்பது போல ஒரு வரி இருக்கும். முதன்மை வீதம் என்பது வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுக்கும் வீதம். அதன் சராசரியை மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. 2021 இறுதியில் அது 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருட இறுதியில் முதன்மை வீதம் 27ஐத் தாண்டியிருந்தது.

அது குடும்பங்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். ஐந்து இலட்சம், ஐந்து வருடம், 12 சதவீதம் என்றால் தவணை 11,122 ரூபாய். எடுத்த கையோடு வீதம் 28 ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 11,667. பழைய தவணையையே கட்டினால் வட்டிக்கே காணாது, கட்டக் கட்ட முதல் வளரும். தவணையை மாற்றினால் 15,568. வீதம் பிறகு இறங்கியது. இறங்கும்போது தவணை தானாக இறங்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வீதத்தைத் திருத்துவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். போய்க் கேளுங்கள்.

"சம்பளம் பத்தாம் திகதி, தவணை ஐந்தாம் திகதி. ஐந்து நாள் பிந்தினால் என்ன ஆகிவிடப் போகிறது?"

வட்டி நாட்கணக்கில் ஓடுகிறது. இரண்டு இலட்சம் மீதிக்கு 15 சதவீதம் என்றால் ஒரு நாளுக்கு 82 ரூபாய். ஐந்து நாளுக்கு 411. அதற்கு மேல் பிந்திய தவணைக்குத் தண்ட வட்டியும் பிந்திய கட்டணமும் சேரும். மாதா மாதம் இப்படியே போனால், எல்லாத் தவணையும் கட்டி முடித்த பிறகும் ஒரு மீதி நிற்கும். அதைப் பார்த்துத்தான் பலர் கடைசியில் அதிர்ச்சியடைகிறார்கள். தவணைத் திகதியைப் பன்னிரண்டுக்கு மாற்றித் தரும்படி கடன் எடுக்கும்போதே கேளுங்கள்.

"சேமலாப நிதிப் பணம் வருகிறது. முழுக்கடனையும் அடைத்துவிட்டால் மிச்ச வட்டி இல்லைதானே?"

குறையும் மீதிக் கடனென்றால் அன்றைய மீதியையும் அன்று வரையான வட்டியையும் கட்டினால் போதும். முன்கூட்டி அடைப்பதற்கு ஒரு கட்டணம் கேட்கலாம், ஒப்பந்தத்தில் பாருங்கள். அந்தக் கட்டணம் மிஞ்சும் வட்டியை விடக் குறைவாக இருந்தால் அடையுங்கள். கடைசி நான்கைந்து தவணை மட்டும் பாக்கியென்றால் மிஞ்சுவது சொற்பம் (இரண்டாம் பதிலில் வந்த 88 ரூபாயை நினைத்துப் பாருங்கள்).

பிளாட் கடனில் கதை வேறு. என் இயந்திரக் கடனை ஒரு வருடம் கழித்து அடைக்கப் போனேன். மிச்சம் 24 தவணை, 272,000 கொண்டு வா என்றார்கள். உண்மையான மீதி 220,000 அளவில்தான். எதிர்கால வட்டியில் தள்ளுபடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகே தொகை இறங்கியது. வாயால் கேட்டிருந்தால் இறங்கியிருக்காது.

"பழைய கடனை அடைத்து அதே மூன்று இலட்சத்தைத் திரும்பத் தருகிறார்களாம். எடுக்கலாமா?"

மூன்றாவது கேள்வியில் வந்த தம்பிக்கும் இந்த அழைப்பு வந்தது. மீதி 214,480. புதிய மூன்று இலட்சத்தில் அது கழிந்தால் 85,520 மிஞ்சும். புதுக்கடன் என்பதால் கட்டணமும் காப்புறுதியும் மறுபடியும் முழு மூன்று இலட்சத்துக்குப் போடப்படும். அதே 9,000 என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 76,520. அதாவது 85,000 ரூபாய்ப் புதுப்பணத்துக்குக் கட்டணமே பத்து சதவீதத்துக்கு மேல். மூன்று வருடக் கடிகாரமும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அவசரமென்றால் அந்த 85,000க்கு மட்டும் தனிக்கடன் கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன்.

"சீட்டுப் பிடித்தால் வட்டியே இல்லையே. எதற்கு வங்கி?"

குலுக்கல் சீட்டில் வட்டி இல்லை என்பது உண்மை. முதலில் எடுப்பவருக்கு மற்றவர்கள் வட்டியில்லாமல் கொடுக்கிறார்கள், கடைசியில் எடுப்பவர் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். ஏலச் சீட்டில் ஓர் இலட்சத்தை எண்பதாயிரத்துக்குக் கேட்டு எடுத்தால் அந்த இருபதாயிரம்தான் வட்டி, பெயர்தான் வேறு. சீட்டு நடத்துபவர் ஊரை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு என் கல்குலேட்டரில் பதில் இல்லை.

"ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது யாரிடம் போவது?"

தமிழில் தாருங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். படிவம் தமிழில் இல்லையென்றால் தொகை, வீதம், பிளாட்டா குறையும் மீதியா, கழிவுகள், முன்கூட்டி அடைத்தால் கட்டணம் என்ற ஐந்தையும் அதிகாரியிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தால் முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்து மூலம் முறையிட்டு, கடிதத்தின் கொப்பியில் அவர்களின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பேசும்போது ஒப்பந்தமும் அட்டவணையும் கடைசி மூன்று பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.